கிளம்பாத புல்வெட்டியும் கிளைட்டனும்

"திரு. கிளைட்டன் அவர்கள் சிறு தோட்ட எந்திரங்களின் பராமரிப்பிலும் பழுது நீக்கத்திலும் முழுத் தேர்ச்சி பெற்றவர். பொறுமையும் ஒழுங்குமுறையும் உடையவர். எந்திரங்களை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் எனச் சான்றளிக்கப்படுகிறது."

பச்சைக் கரை போட்ட கனத்த அட்டையில், மூன்று கையெழுத்துகளோடு இருக்கும் இந்த வாசகத்தில் பெயர் மட்டும் சரி.

மீனவர்களுக்கு மாற்றுத் தொழில் கற்றுத்தருவதற்காகத் தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனம் மூன்று நாள் பயிற்சி நடத்தியது. முதல் நாள் டீ கொடுக்கும்வரை கிளைட்டன் அரங்கில் இருந்தார். இரண்டாம் நாள் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அதைப் பார்க்கப் போனார். மூன்றாம் நாள் குரூப் போட்டோவுக்குச் சரியாக வந்துசேர்ந்தார். வந்திருந்த இருபத்தாறு பேருக்கும் பொறுமையையும் ஒழுங்குமுறையையும் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

அவருடைய ஊர் குலசேகரன்பட்டினத்துக்கும் பெரியதாழைக்கும் நடுவில், கடலுக்கும் செம்மணல் தேரிக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் கடற்கரை ஊர்களில் ஒன்று. அங்கே கிளைட்டன் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்றுதான் காண்பார். ஐம்பத்திரண்டு வயதுக்குள் பல தொழில் பார்த்துவிட்டார். சங்கு குளிக்கப் போனார். தண்ணீருக்கடியில் மூச்சை அடக்க முடிந்தது, வள்ளத்தில் மற்றவர்கள் மேலே வரும்வரை தன்னை அடக்க முடியவில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கட்டும் வேலைக்குப் போனார்; கப்பல் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதுதான் அந்த வேலையில் அவர் கண்ட ஒரே குறை. உடன்குடிக் கருப்பட்டி வாங்கி விற்றார். ஒரு வருடம் குலசை தசராவில், காளி வேடம் கட்டுகிறவர்களுக்குச் சடைமுடி விற்றார். இந்தக் கத்தோலிக்கருக்கு நன்றாக ஓடிய வியாபாரம் அது ஒன்றுதான். நன்றாக ஓடியதால் அவருக்கு அலுத்துவிட்டது.

மனைவி எமில்டா இதற்கு நேர் எதிர். இருபத்தைந்து வருடமாக ஒரே தொழில், கருவாடு. ஒரே கணவர் என்பதையும் அவர் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்.

இவர்களுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முந்திய கதை. பதினோரு நாள் இருந்தது. டயானா என்று அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் தென்பக்கம், மண்மேடுகளின் வரிசையில் புதைத்தார்கள். அடுத்த வருடம் சிமென்ட் கல்லறை கட்டுவதாகக் கிளைட்டன் சொன்னார். அதற்கடுத்த வருடமும் சொன்னார். மனமறிந்து ஏமாற்றுகிறவர் இல்லை. ஒவ்வொரு முறையும் முழு மனதோடுதான் சொன்னார். மழையில் கரையும் மேட்டை வருடந்தோறும் எமில்டா மறுபடி குவித்து, சுற்றிலும் விலைபோகாத ஓட்டைச் சங்குகளை அழுத்தி வைத்து வந்தார். பெயர் இல்லை, சிலுவை இல்லை. தெற்குச் சுவரிலிருந்து எட்டு எட்டு வைத்தால் டயானா.

இந்த வருடம் அந்த எட்டுக்கும் ஆபத்து வந்தது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகத் திரளும். ஐப்பசி மழை முந்திக்கொண்டதால் தோட்டத்தில் புல் இடுப்பளவு நின்றது. பாம்பு ஒன்றையும் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள், ஆளுக்கொரு நிறத்தில். ஊர்க் கமிட்டிச் செயலாளர் ஃபிராங்க்ளின் ஜேசிபியைக் கூப்பிடலாம் என்றார். முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். தரையில் எதுவும் மட்டமாக இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

"கல்லு வச்ச கல்லறைய ஒண்ணுஞ் செய்யாது. தென்பக்கம் மட்டும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டா எல்லாம் ஒரே மட்டம்" என்றார் கூட்டத்தில்.

"அந்த மட்டத்துல எங்க பிள்ளை எங்கன கெடக்கும் அண்ணாச்சி?" என்று எமில்டா எழுந்து கேட்டார்.

ஃபிராங்க்ளின் கல்நெஞ்சர் இல்லை, நடைமுறைக்காரர். பங்குக் கோயிலுக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்த புல்வெட்டும் எந்திரம் ஒன்று, தோளில் மாட்டிக்கொள்ளும் வகை, சாமான் அறையில் கிடந்தது. கிளைட்டனிடம் அதற்கான சான்றிதழே இருப்பது அப்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது. எந்திரம் கைமாறியது. நவம்பர் ஒன்று மத்தியானம் இரண்டு மணிக்குள் தோட்டத்தில் புல்வெட்டி ஓடும் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் ஜேசிபி இறங்கும் என்று முடிவானது.

கையில் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்தின் முதல் நாளே கிளைட்டன் எந்திரத்தைக் கிளப்பிவிட்டார், அதுவும் முதல் இழுப்பில். வீட்டுப் பின்னால் ஒரு பாத்தி அளவு வெட்டிப் பார்த்தார், பிரமாதமாக வெட்டியது. இவ்வளவு சுலபமான வேலைக்கு என்ன அவசரம் என்று எந்திரத்தைச் சுவரில் மாட்டினார். மறுநாள் மணப்பாட்டில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு மறுநாள் வேறு ஏதோ. இப்படி நவம்பர் ஒன்று வந்து நின்றது.

காலை ஒன்பது மணிக்கு இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். எமில்டா அரிவாளோடு நேராகத் தென்பக்கம் போய் எட்டு எட்டு வைத்துக் குனிந்தார். கிளைட்டன் எந்திரத்தைத் தரையில் வைத்து, காலால் அழுத்திப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். ஒன்று, இரண்டு, பத்து. எந்திரம் இருமக்கூட இல்லை.

சோக்கைப் போட்டு இழுத்தார். சோக்கை எடுத்துவிட்டு இழுத்தார். பாதி போட்டு இழுத்தார். முப்பதாவது இழுப்பில் எந்திரத்தைத் திட்டத் தொடங்கினார். நாற்பதாவது இழுப்பில், சகல புனிதர்களின் திருநாளாயிற்றே என்று நிறுத்திக்கொண்டார்.

"கெளம்பலியா?" என்று எமில்டா புல்லுக்குள்ளிருந்து கேட்டார்.

"கெளம்பிரும். இப்பந்தான் தொட்டிருக்கேன்."

"தொட்டு முக்கா மணி நேரமாவுது."

பழுது பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. தீப்பொறி வருகிறதா, எண்ணெய் போகிறதா, காற்று போகிறதா என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். முதல் நாள் டீக்கு முன்பே சொல்லிக் கொடுத்ததால் கிளைட்டனுக்கும் அது தெரியும். ஆனால் ஒன்றைத் திறந்ததுமே அடுத்ததுதான் குற்றவாளி என்று அவருக்குத் தோன்றிவிடும். பிளக்கைப் பாதி கழற்றும்போது காற்று வடிகட்டியின் மேல் சந்தேகம் வந்தது. வடிகட்டியை உதறும்போது புகைக்குழாயில் குளவி கட்டியிருக்குமோ என்று தோன்றியது. பத்தரை மணிக்குப் புல்வெட்டி நாலு கல்லறைகளின் மேல் பரந்து கிடந்தது. வடிகட்டி ஒரு மாலுமியின் தலைமாட்டில். மூடி ஒரு டீச்சரின் காலடியில். திருகுகள் யார் யாரிடமோ.

பிளக்கை மட்டும் ஒழுங்காகச் சோதித்தார். அதை எந்திரத்தின் இரும்பில் தொடவைத்து, சட்டையால் நிழல் கட்டி இழுத்துப் பார்த்தார். நீலமாகப் பொறி பறந்தது. அப்படியென்றால் மின்சாரம் சரி. பிளக்கின் முனை நனைந்திருந்தது. அப்படியென்றால் எண்ணெயும் வருகிறது. பொறியும் உண்டு, எண்ணெயும் உண்டு, எந்திரம் மட்டும் இல்லை. இது அவருக்கு அநியாயமாகப் பட்டது. ஈரப் பிளக்கைப் பக்கத்துப் பளிங்குப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க போறீய?"

"ரோச்சைக் கூட்டிட்டு வாரேன்."

"வழியில எதையும் பாத்துட்டு நிக்காதீய. மணி பன்னெண்டாவப் போவுது" என்ற எமில்டா, திருகுகளை ஒவ்வொரு கல்லறையாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

சைக்கிளில் கடற்கரைக்குப் போன கிளைட்டன், உண்மையாகவே வழியில் எதையும் பார்க்காமல், வள்ளங்களுக்கு எஞ்சின் பார்க்கும் ரோச்சைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். ரோச்சின் கையில் ஒரு ஸ்பானரும், தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலும் இருந்தன. அவர் எந்திரத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இவ்வளவுதானாலே எஞ்சினு? பிள்ளைய விளையாடுத சாமான் மாதிரிலா இருக்கு."

"நீ கெளப்பிக் காட்டு பாப்போம்."

"சர்ட்டிபிகேட் உன்கிட்டலாலே இருக்கு!"

"அதை வச்சுத்தான் காலையிலேருந்து இழுக்கேன்."

ரோச் பிளக்கை எடுத்தார். அதன் மேல் பாட்டில் பெட்ரோலை ஊற்றிக் கழுவினார். பளிங்கில் பெட்ரோல் கொஞ்சம் சிந்தியது. நல்ல வெயில். ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிப்பதற்குள் சிந்திய இடம் காய்ந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் கிளைட்டன் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பிளக்கை வைத்திருந்த இடம். அங்கே அப்பியிருந்த ஈரம் அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது.

ரோச் இரண்டையும் பார்த்தார். "டேங்குல என்னத்தலே ஊத்திருக்க?"

"மண்ணெண்ணெய்" என்றார் கிளைட்டன்.

இதை அவர் ஒளித்துவைக்கவில்லை. ஒளிக்க வேண்டிய செய்தி என்றே நினைக்கவில்லை. அந்தக் கரையில் கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் எல்லாமே வள்ளத்து எஞ்சின்தான். அதைப் பெட்ரோலில் கிளப்புவார்கள், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு வாரத்துக்கு முன் வீட்டுப் பின்னால் புல்வெட்டி நன்றாகச் சூடேறிப் பெட்ரோல் குறைந்தபோது, மச்சானுடைய வள்ளத்துக் கேனிலிருந்து மண்ணெண்ணெயை எடுத்து, ஆயிலையும் அளந்து கலந்து ஊற்றினார். எந்திரம் கொஞ்சம் புகைந்தது, ஆனால் ஓடியது. வேறு ஊராக இருந்தால் மூடியைத் திறந்த நிமிடமே மூக்கு சொல்லியிருக்கும். இங்கே சட்டையிலும் அடுக்களையிலும் சாப்பிடும் கையிலும் அதே வாசம்தான். அதை எந்த மூக்கு தனியாகப் பிரித்துச் சொல்லும்?

"சூடான பெறவுதானே ஊத்துன?" என்றார் ரோச்.

"நல்லா சூடான பெறவுதான்."

"அப்பச் சரிதான்."

"சரிதானே?"

இருவரும் கொஞ்ச நேரம் எந்திரத்தைப் பார்த்தபடி, செய்தது சரி என்ற திருப்தியோடு நின்றார்கள். எந்திரமும் அப்படியே கிடந்தது.

"நிறுத்துததுக்கு முன்னால திரும்பப் பெட்ரோலுக்கு மாத்துனியா?" என்றார் ரோச் மெதுவாக.

கரையேறும் முன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓடவிட்டுத்தான் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும். மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. கரையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

"எதுல மாத்த? இதுக்கு ஒரு டேங்குதானலே."

"ஒரு டேங்குள்ள எஞ்சினுக்கு ரெண்டு எண்ணெய் எதுக்குலே குடுத்த?"

"என்ன குடுத்தாரு?" என்று எமில்டா நிமிர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அரிவாளைக் கீழே வைத்தார். "பங்கு எந்திரத்துக்கு மிச்சம் பிடிச்சீயளோ? போன வாரமே வெட்டியிருந்தா மிச்சமும் வேண்டாம், மெனக்கேடும் வேண்டாம்."

கிளைட்டன் சைக்கிளில் தொங்கிய வெறுங்கேனை எடுத்துவந்தார்.

டேங்கைக் கவிழ்த்து மண்ணெண்ணெயைக் கேனில் வடித்தார்கள். பாட்டிலில் மிச்சமிருந்த பெட்ரோலை ஊற்றி, கார்புரேட்டருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் குமிழைத் திரும்பத் திரும்ப அமுக்கி, உள்ளே நின்றதையும் கழுவி வெளியே விட்டார்கள். கழுவி முடித்தபோது உள்ளே சுத்தமாகிவிட்டது. பாட்டிலும் சுத்தமாகிவிட்டது.

அப்போதுதான் ஃபிராங்க்ளின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். கப்பலில் பழகிய பழக்கம். ஊரில் அவரிடம் மட்டும்தான் நிமிடங்கள் உண்டு.

"மணி ஒண்ணு பதினேழு. ஜேசிபி சாத்தான்குளம் தாண்டிட்டு. ஏலே கிளைட்டா, சத்தத்தையே காணோமே?"

"வந்துரும் அண்ணாச்சி. கொஞ்சம் பெட்ரோல் வேணும்."

"எங்க பெட்ரோல்?"

கிளைட்டன் ஸ்கூட்டரைப் பார்த்தார். ரோச் ஸ்கூட்டரைப் பார்த்தார். எமில்டா ஃபிராங்க்ளினைப் பார்த்தார்.

"ஏளா எமில்டா, நீ ஏன் என்னையப் பாக்க? கமிட்டி முடிவ நான் மாத்த முடியாது."

"முடிவ யாரு கேட்டா? பெட்ரோல்தானே கேக்கோம்."

ஃபிராங்க்ளின் பெருமூச்சு விட்டார். "செயலாளருங்கிற முறையில ரெண்டு மணிக்கு ஜேசிபி எறங்கும். மனுசங்கிற முறையில எடுத்துக்கோங்க. எனக்கு வீட்டுக்குப் போக மிச்சம் வைங்க."

ரோச் குழாய் போட்டு உறிஞ்சினார். ஆயிலைக் கலந்து டேங்கில் ஊற்றினார்கள். கிளைட்டன் உடனே கயிற்றைப் பிடித்தார். ரோச் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"காலையிலேருந்து இழுத்து இழுத்து உள்ள முழுக்க எண்ணெயா அடைச்சு வச்சிருக்க. பிளக்கு இல்லாம நாலு இழுப்பு இழுத்து வெளியேத்து. பெறவு அப்படியே வெயில்ல திறந்து போடு. காயணும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம்."

"பத்து நிமிசமா!"

மணி ஒன்று இருபத்தெட்டு. சுவருக்கு வெளியே, மேற்கே எங்கேயோ ஏதோ கனத்த வண்டியின் சத்தம் கேட்டது. அது உப்பு லாரியாகவும் இருக்கலாம். கிளைட்டன் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். பிளக்கைத் தொட்டுப் பார்த்தார், ரோச் முறைத்தார். துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மேற்கே கேட்ட சத்தம் நின்றுவிட்டது. நின்றது அவரை இன்னும் மோசமாக ஆட்டியது.

"இங்கன வாங்க" என்றார் எமில்டா.

கிளைட்டன் தென்பக்கம் போனார். மேட்டைச் சுற்றியிருந்த புல்லை எமில்டா அரிந்து முடித்திருந்தார். முழங்கால் உயரம்கூட இல்லை அந்த மேடு. மழையில் ஒரு பக்கம் கரைந்து, சங்குகள் சரிந்து கிடந்தன.

"உக்காருங்க."

"நேரம் —"

"நேரந்தான் ஆவட்டும்னு சொல்லுதாங்கள்லா. உக்காருங்க."

உட்கார்ந்தார். எமில்டா மண்ணை அணைத்துக் கொடுக்க, அவர் சங்குகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். வேகமாக அழுத்தியதில் இரண்டு சங்கு கவிழ்ந்தது. மறுபடி வைத்தார்.

"சிமென்டு..." என்று தொடங்கினார்.

"சிமென்டு கதை வேண்டாம். இந்த மண்ணு இருந்தா போதும் எனக்கு" என்றார் எமில்டா. கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே கிளைட்டன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருடைய முழங்கால் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சங்கை அழுத்தினார்.

"பத்து நிமிசம் ஆச்சு" என்று குரல் கொடுத்தது ஃபிராங்க்ளின்தான். வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், ஒரு கல்லறையின் ஓரத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ரோச் பிளக்கை மாட்டினார். எமில்டா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருகுகளைக் கொடுத்தார். ஒன்று குறைந்தது, அதைத் தேட யாரும் போகவில்லை. ரப்பர் குமிழ் பிதுங்கும்வரை அமுக்கி, சோக்கைப் போட்டு, கிளைட்டன் இழுத்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பில் எந்திரம் ஒரு தடவை செருமியது. மூன்றாவதிலும் செருமி அடங்கியது. நாலாவதுக்குக் கை தானாக ஓங்கியது. கிளைட்டன் அதை நிறுத்தினார். சோக்கை எடுத்துவிட்டார். கயிற்றில் இறுக்கம் தட்டும்வரை மெதுவாக இழுத்துவைத்து, பிறகு ஒரே வீச்சாக இழுத்தார்.

எந்திரம் கத்தியது. வெள்ளைப் புகை கல்லறைகளின் மேல் பரவியது. சுவர்மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. ரோச் ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தால் நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை, சந்தோஷமாக இருந்தார்.

ஃபிராங்க்ளின் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் போனை வைத்து, "வேண்டாம்! வர வேண்டாம்!" என்று இரண்டு தரம் கத்தினார். அந்தப் பக்கம் இருந்தவருக்குச் சந்தேகம் போலிருக்கிறது. போனை எந்திரத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். அப்போது மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

கிளைட்டன் எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெற்குச் சுவரிலிருந்து தொடங்கினார். இரண்டு முறை பெட்ரோல் தீர்ந்தது; இரண்டு முறையும் ஊற்றியது பெட்ரோல்தான். மாலை ஆறு மணிவரை அறுபத்தொரு மண்மேடுகளைச் சுற்றிப் புல்லை வெட்டினார். ஒரு மேடும் சரியவில்லை. வேலை முடியும்வரை அவர் வேறு எங்கும் போகவில்லை.